கொல்லர் மகன் மைக்கேல் பாரடே

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

அறிவியல் உலகில் பெரும்பெயர் எய்தியவர்களுள் பலருக்குப் பிறந்த வீடே பாதித் துணையாக அமைந்துவிடுவதுண்டு. கற்ற தந்தை, நூல்கள் அடுக்கிய அலமாரி, நல்ல பள்ளி, நாலு பெரிய மனிதர்களின் பழக்கம் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் வாய்த்திருக்கும். மைக்கேல் பாரடேக்கு ஒன்றுகூட வாய்க்கவில்லை. 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இலண்டனின் தென்புறத்தில் நியூவிங்டன் என்ற பகுதியில் அவர் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் இரும்புக் கொல்லர், நோயாளி. பாதி நாள் உலைக்களத்துக்குப் போக முடியாமல் படுத்துக்கிடப்பவர். 1801ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தானிய விலை ஏறியபோது, ஒன்பது வயதுச் சிறுவன் மைக்கேலுக்கு வாரம் முழுமைக்கும் கொடுக்கப்பட்டது ஒரே ஒரு ரொட்டி. அதை அவன் பங்கு பிரித்து ஏழு நாள் உண்டான்.

எழுதப் படிக்கக் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 1804இல் ரீபோ என்பவருடைய புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, மறு ஆண்டு அங்கேயே புத்தகம் தைக்கும் தொழிலுக்கு ஏழாண்டு ஒப்பந்தத்தில் அமர்ந்தான். தைக்க வந்த புத்தகங்களை மற்றப் பையன்கள் தைத்தார்கள். இவன் தைக்கும் முன் படித்தான். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை ஒரு நாள் கைக்கு வந்தது. ஜேன் மார்செட் என்ற அம்மையார் எளியோர்க்கென எழுதிய வேதியியல் நூல் மற்றொரு நாள் வந்தது. கையில் மிஞ்சிய காசுக்குக் கண்ணாடிக் குப்பி வாங்கி, அந்நூல்களில் சொன்னது மெய்தானா என்று தானே செய்து பார்த்தான். படித்ததை அப்படியே நம்பாத இந்தக் குணம் இறுதிவரை அவரை விட்டுப் போகவில்லை.

ஊரில் தேட்டம் என்பவர் மாலை வேளைகளில் அறிவியல் சொற்பொழிவு நடத்திவந்தார். ஒரு கூட்டத்துக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அந்தக் காசைக் கொடுத்தவர், தந்தையைப் போலவே கொல்லுத் தொழில் செய்த அண்ணன் இராபர்ட். இந்த அண்ணனைப் பற்றி வரலாற்று நூல்கள் ஒரு வரியோடு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அது குறையாகவே படுகிறது. வடலூரில் ஒரு வெல்டிங் பட்டறைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறியவன் நான். ஒருவன் படிக்க வேண்டுமானால் அவன் வீட்டில் இன்னொருவர் சம்மட்டி தூக்க வேண்டியிருக்கிறது என்பதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1812இல் கடை வாடிக்கையாளர் ஒருவர், இராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டு தந்தார். பாரடே கேட்டதையெல்லாம் படங்களுடன் விரிவாக எழுதி, தாமே அழகாகத் தைத்து, டேவிக்கே அனுப்பிவைத்தார். தொழில் கைகொடுத்தது என்று சொல்ல வேண்டும்! 1813 மார்ச்சு முதல் நாள், அந்நிலையத்தின் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. தங்க மாடியில் இரண்டு அறைகள். அவ்வாண்டு அக்டோபரில் டேவி ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது உடன் சென்றார். டேவியின் மனைவியார் அவரை ஏவலாளாகவே நடத்தினார். திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணினார் பாரடே. ஆனாலும் பொறுத்துக்கொண்டு, கண்ட அறிஞர்களிடமெல்லாம் கற்றுக்கொண்டு 1815இல் நாடு திரும்பினார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளை விரைந்து கடப்போம். 1821இல் சாரா பர்னார்டு என்பவரை மணந்தார். அதே ஆண்டு, மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலவைத்தார். 1824இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அதற்கு எதிராக நின்றவர், அவரைக் கைதூக்கிவிட்ட டேவியேதான். பெரியவர்களிடமும் சிறுமை இருக்கும் போலும். 1825இல் பென்சீனைக் கண்டறிந்தார்.

இனி வருவது 1831. இயற்பியல் மாணவன் ஒவ்வொருவனும் மனத்தில் பொறித்துவைக்க வேண்டிய ஆண்டு அது. ஆகஸ்டு 29ஆம் நாள், ஓர் இரும்பு வளையத்தின் இருபுறமும் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்திய கணத்திலும், நிறுத்திய கணத்திலும், தொடர்பே இல்லாத மற்றொன்றில் முள் அசைந்தது. அக்டோபர் 17ஆம் நாள் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் இழுத்தும் அதையே செய்துகாட்டினார். நெய்வேலியில் சுழலும் மின்னாக்கிகள் எல்லாம் அந்த அசைவின் வழிவந்தவையே.

பாடநூல்கள் இத்துடன் நின்றுவிடுகின்றன. என்னைக் கவர்ந்தது அதே மாதம் 28ஆம் நாள் நடந்தது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், பிரெஞ்சு அறிஞர் அராகோ ஒரு விந்தையைக் கண்டிருந்தார். செம்புத் தகட்டைச் சுழற்றினால், அதற்கு மேல் தொங்கும் காந்த ஊசியும் கூடவே திரும்புகிறது. செம்பு காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகம், பின் எப்படி? பெரிய அறிஞர்கள் எல்லாம் முயன்றும் விடை கிடைக்கவில்லை. பாரடே ஒரு பெரிய காந்தத்தின் இருமுனைகளுக்கிடையே செம்புத் தகட்டைச் சுழற்றினார். தகட்டின் அச்சிலும் விளிம்பிலும் கம்பி வைத்தபோது மின்னோட்டம் தொடர்ந்து வந்தது. அப்படியானால் கம்பியே இல்லாவிட்டாலும் தகட்டுக்குள்ளேயே மின்னோட்டம் பிறந்து ஓடுகிறது. ஊசியை இழுப்பது அதுவே என்று தெளிந்தார். 1855இல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சு அறிஞர், மின்காந்த முனைகளுக்கிடையே சுழலும் செம்புத் தகடு சூடேறுவதையும், அதைச் சுழற்ற அதிக வலு தேவைப்படுவதையும் காட்டினார். ஆற்று நீரில் சுழி விழுவதுபோல உலோகத்துக்குள் வட்டமிடும் இதனைச் சுழல் மின்னோட்டம் என்கிறோம். பழைய வீட்டு மின்மீட்டரில் மெல்லச் சுற்றிய அலுமினியத் தட்டும், நம் ஆய்வகக் கால்வனாமீட்டரின் முள் வீணே ஆடாமல் சட்டென்று நிற்பதும் இதனால்தான்.

இந்தச் சுழல் மின்னோட்டத்துக்கு இன்னொரு பயன் உண்டு. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மாறுமின்னோட்டம் பாயும் சிறு சுருள் ஒன்றை உலோகக் குழாய்க்குள் நுழைக்கிறோம் என்று கொள்வோம். குழாயின் சுவரில் சுழல் மின்னோட்டம் எழும். அது தன் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கிச் சுருளை எதிர்க்கும். சுவர் குற்றமற்று இருக்கும்வரை இந்த எதிர்ப்பு ஒரே அளவில் இருக்கும். ஓரிடத்தில் விரிசல் இருந்தால், அல்லது அரிப்பால் சுவர் மெலிந்திருந்தால், சுழலின் பாதை கலையும், எதிர்ப்பு மாறும், சுருளின் மின்மறுப்பு மாறும். அம்மாற்றம் கருவியின் திரையில் ஒரு வளைகோடாக விழும். குழாயை அறுக்க வேண்டாம், உடைக்க வேண்டாம். டேவிட் ஹ்யூஸ் என்பவர் 1879இல் இரு சமச் சுருள்களைக் கொண்டு உலோகங்களை இனம் பிரித்துக் காட்டினார். ஜெர்மனியின் ஃபிரிட்ரிக் ஃபோர்ஸ்டர் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதைத் தொழிற்சாலைக்குரிய கருவியாக்கினார். நம் மாநிலத்தில் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இத்துறையில் ஆழ்ந்த ஆய்வுகள் நடந்துள்ளன. அங்கே வேக ஈனுலையின் நீராவிக் குழாய்கள் காந்தத் தன்மையுள்ள எஃகால் ஆனவை. அவற்றில் சாதாரண முறை எடுபடாது என்பதால், தொலைப்புலச் சுழல் மின்னோட்ட முறையை வளர்த்தெடுத்தார்கள்.

அனல்மின் நிலையத்தில் இதற்கு என்ன வேலை? சுழலியை ஓட்டிக் களைத்த நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் கலத்தில், ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் உண்டு. குழாய்க்குள் குளிர்நீர், வெளியே நீராவி. ஒரு குழாயில் ஊசித்துளை விழுந்தாலும் உப்பு கலந்த குளிர்நீர் தூயநீரில் கலந்து, கொதிகலனுக்குப் போய், அங்குள்ள குழாய்களை அரிக்கத் தொடங்கும். தவறு நேர்ந்த இடம் ஒன்று; வெடிக்கும் இடம் வேறொன்று. (கொதிகலனின் தடித்த எஃகுச் சுவர்க் குழாய்களின் கனத்தைப் பெரும்பாலும் மீயொலியால் அளப்பார்கள். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து இல்லை.)

கருவி வளைகோட்டைத்தான் காட்டும். அது விரிசலா அல்லவா என்று சொல்லாது. குழாய்களைத் தாங்கும் தகடு வரும் இடத்திலும் வளைகோடு விழும். சுருள் சற்றே ஆடினாலும் விழும். இழுக்கும் வேகம் தவறினால் உண்மையான குறையே தப்பிப்போகும். அதிர்வெண்ணைக் கூட்டினால் மேற்பரப்பு மட்டுமே தெரியும். குறைத்தால் ஆழம் தெரியும், கூர்மை குறையும். ஆகவே முதலில், சுவர்க் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு, இரு பங்கு என்று தெரிந்த ஆழங்களில் துளையிட்ட மாதிரிக் குழாயில் கருவியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் அறிந்தவர் கையில் மட்டுமே கருவிக்குக் கண் உண்டு. இதனாலேயே உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 9712 என்ற தரமும், நம் நாட்டில் ஐ.எஸ். 13805 என்ற தரமும் ஆய்வாளர்களை மூன்று நிலைகளாக வகுத்துள்ளன. முதல் நிலையினர் சொன்னபடி சோதிப்பவர். இரண்டாம் நிலையினர் கருவியைச் சரிசெய்து, விளைவைப் பொருள்கொண்டு, அறிக்கையில் கையொப்பமிடுபவர். மூன்றாம் நிலையினர் முறைகளை வகுத்துப் பிறரைப் பயிற்றுபவர். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, அனுபவக் காலம் ஆகியவற்றோடு ஆண்டுதோறும் கண் பார்வைச் சோதனையும் உண்டு.

என் சித்தப்பா ஒப்பந்தத் தொழிலாளி. ஆண்டுப் பராமரிப்புக்காக இயந்திரங்களை நிறுத்தும் காலத்தில், ஷட்டவுன் வேலை என்று ஊர் ஊராகப் போவார். ஓர் ஆலையில் குழாய்க்குள் சுருளை விட்டு இழுக்கும் குழுவில் உதவியாளாக இருந்தார். அங்கே இரண்டாம் நிலைச் சான்று பெற்ற இளைஞர் ஒருவர் திரையைப் பார்த்துவந்தார். ஒரு குழாயில் தாங்கு தகட்டை ஒட்டி ஒரு வளைகோடு விழுந்தது. அது தகட்டின் குறிதான், அடுத்த குழாய்க்குப் போ என்றார் அவசரத்திலிருந்த மேற்பார்வையாளர். இளைஞர் போகவில்லை. இரண்டு அதிர்வெண்களில் மீண்டும் இழுக்கச் சொல்லி, தகட்டின் குறியைக் கழித்துப் பார்த்தார். மிச்சம் ஒன்று இருந்தது. தகட்டில் உராய்ந்து சுவர் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. அக்குழாயின் இருமுனையும் அடைக்கப்பட்டன. மறு ஆண்டு வேறோர் ஆலையில், சான்று ஏதுமில்லாத ஒரு பையனே கருவியைப் பிடித்தான். அறிக்கையின் அடியில் இருந்த கையொப்பமோ, அந்தப் பக்கமே தலைகாட்டாத ஒருவருடையது. அந்த வேலை முடியும்வரை, குழாய்க் கலத்தின் பக்கத்தில் நிற்கவே மனம் ஒப்பவில்லை என்று சித்தப்பா எங்களிடம் சொன்னார். நிற்காமல் இருக்க முடியுமா? கூலி அங்கேதான் இருந்தது.

2020ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஜூலை முதல் நாளிலும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நேர்ந்தன. தொழிலாளர் பலர் மாண்டனர். கொரோனாவால் பள்ளி மூடியிருந்த காலம் அது. ஆம்புலன்ஸ் ஒலி கேட்கும்போதெல்லாம் எங்கள் தெருப் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். அவ்விபத்துகளின் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. கொதிகலன் என்ற சொல் எங்கள் பக்கத்து வீடுகளில் எப்படிக் கேட்கும் என்பதைச் சொல்லவே குறிப்பிட்டேன். நம் நாட்டில் கொதிகலன் சோதனைக்குச் சட்டம் பிறந்ததும் சாவிலிருந்துதான். 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் இறந்த பின்னரே, 1864இல் வங்காளத்தில் அச்சட்டம் வந்தது. அப்போது பாரடே உயிரோடிருந்தார்.

சோதிப்பவர் யார் என்ற இந்தக் கேள்வியை அவரும் சந்தித்தார். 1844 செப்டம்பர் 28ஆம் நாள், வட இங்கிலாந்தின் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்து 95 ஆண்களும் சிறுவர்களும் இறந்தனர். இறந்தோர் குடும்பங்களின் சார்பில் நின்ற வழக்கறிஞர் பிரதமர் பீலிடம் முறையிட, அரசு பாரடேயையும் நிலவியல் அறிஞர் லயலையும் அனுப்பியது. பாரடே விசாரணையில் அமர்ந்து சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்டார், சுரங்கத்துக்குள்ளும் இறங்கினார். உள்ளே காற்றோட்டத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று அவர் வினவ, அங்கிருந்த சோதகர் ஒரு சிட்டிகை வெடிமருந்தை எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் தூவி, புகை நகரும் நேரத்தைக் கடிகாரத்தில் காட்டினாராம். வெடிமருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றார் பாரடே. இறுகக் கட்டிய பையில் என்றார் அவர். பை எங்கே? பாரடே உட்கார்ந்திருந்ததே அந்தப் பையின் மேல்தான்! பதறி எழுந்தார் என்று லயல் எழுதிவைத்திருக்கிறார். சிரிப்பு வருகிறது, ஆனால் 95 பேர் உயிர் இத்தகைய சோதகர்களின் கையில் இருந்தது என்பதை எண்ணினால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

எரிவளி மட்டுமன்று, நிலக்கரித் தூளும் தீயை வளர்த்தது என்று அவர்கள் அறிக்கை கூறியது. சுரங்கத்தைக் கண்காணிப்போருக்குக் கல்வி வேண்டும் என்றும் கூறியது. வெட்டி முடித்த பகுதிகளில் தேங்கும் வளியைக் குழாய் வைத்து வெளியேற்றலாம் என்ற யோசனையைச் சுரங்க முதலாளிகள் செலவைக் காட்டித் தள்ளினர். தூளின் ஆபத்தை உலகம் முழுமனத்தோடு ஒப்புக்கொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

செலவும் சலிப்பும் இன்றும் மாறவில்லை. 1988 ஏப்ரல் 28ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் பறக்கையில், அதன் மேற்கூரையில் ஒரு பெரும்பகுதி பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் இறந்தார். மற்றவர்கள் உயிரோடு தரையிறங்கியது வியப்பே. 89,680 முறை பறந்த அந்த விமானத்தின் ரிவெட் வரிசைகளில் களைப்பு விரிசல்கள் இருந்தன. அவ்வரிசைகளைக் கூர்ந்து பார்க்கவும், விரிசல் கண்டால் சுழல் மின்னோட்டத்தால் சோதிக்கவும் முந்தைய ஆண்டே ஆணை இருந்தது. இரவில் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஆய்வாளரின் சோர்வைப் பற்றியும் விசாரணைக் குழு எழுதியது. விமானம் ஏறும்போது ஒரு பயணி அந்த விரிசலைக் கண்டும் யாரிடமும் சொல்லவில்லை என்பதும் அவ்வறிக்கையில் உள்ளது. அவரை நான் குறைசொல்ல மாட்டேன். பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருப்பார்கள் என்றுதானே நாமும் பேருந்திலும் இரயிலிலும் ஏறி அமர்கிறோம்!

பாரடே அப்படி எண்ணியவரல்லர். 1836 முதல் 1865 வரை, கடலோரக் கலங்கரை விளக்கங்களைக் காக்கும் டிரினிட்டி ஹவுசுக்கு அறிவியல் ஆலோசகராக இருந்தார். 1858இல் தென் ஃபோர்லாண்டு கலங்கரை விளக்கத்தில், அவர் கண்ட தூண்டல் நெறியாலேயே இயங்கிய மின்னாக்கி கொண்டு மின்விளக்கு ஏற்றினார்கள். தன் பிள்ளையைத் தானே பரிசோதிக்கும் மருத்துவர் நிலை அவருக்கு. 1860 பிப்ரவரியில் அதைப் பார்வையிடப் புறப்பட்டார். டோவரிலிருந்து போகும் சாலையைப் பனி மூடிவிட்டதால் இலண்டனுக்குத் திரும்பினார். அதே வாரம் மீண்டும் போனார். சாலை அப்போதும் திறக்கவில்லை. வேலிகளையும் சுவர்களையும் ஏறிக்கடந்து, வயல்வழியே நடந்து, விளக்கத்தை அடைந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார். அப்போது அவருக்கு வயது 68. நினைவாற்றல் தளர்ந்து, உடலும் நலிந்திருந்தது. அங்குள்ளோர் தந்த அறிக்கையை வாங்கிக் கையொப்பமிட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

அவருடைய ஆய்வுக் குறிப்புகளும் இப்படித்தான். ஒவ்வொரு பத்திக்கும் எண் இட்டார்; எண் பதினாறாயிரத்தைக் கடந்தது. பலித்த சோதனை, பலிக்காத சோதனை இரண்டும் அதே வரிசையில் எழுதப்பட்டுள்ளன. உயர் கணிதம் அவருக்குத் தெரியாது. தம் கோட்பாட்டைப் படங்களாலும் சொற்களாலுமே விளக்கினார். பின்னர் மாக்ஸ்வெல் அதற்குச் சமன்பாடு தந்தார். சர் பட்டத்தை ஏற்கவில்லை. இராயல் சொசைட்டித் தலைமையை இருமுறை மறுத்தார். கிரிமியப் போருக்கு நச்சு வாயு செய்ய உதவுமாறு அரசு கேட்டபோதும் மறுத்தார்.

1867ஆம் ஆண்டு எங்கள் ஊருக்கும் ஒரு குறிப்பான ஆண்டு. அவ்வாண்டு மே 23ஆம் நாள்தான் வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசித்தோர்க்கென அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. ஒரு ரொட்டியை ஏழு நாளுக்குப் பங்கிட்டுண்ட அந்தக் கொல்லர் மகன், அதற்கு மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டு 25ஆம் நாள், ஹாம்ப்டன் கோர்ட்டில் அரசி அளித்த இல்லத்தில் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்யவில்லை. எளிய முறையில் அடக்கம் வேண்டும் என்பது அவர் விருப்பம். ஹைகேட் இடுகாட்டில் உள்ள அவர் கல்லில் பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.